கல்லறைக்குள் பரிபூரணம்

ராஜபாளையத்தில் எங்கள் கோயிலில் ஆண்டவரை உயிர்த்தெழ வைப்பவள் பரிபூரணம். இப்படிச் சொன்னால் பங்குச் சாமியார் உடனே திருத்துவார்: உயிர்த்தது ஆண்டவர், பரிபூரணம் கைப்பிடியைச் சுற்றுகிறவள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அவள் சுற்றாவிட்டால் ஆண்டவர் சாக்குத் துணிக்குள்ளேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை இரவுப் பூசைக்குப் பீடத்தின் பக்கத்தில் ஒரு கல்லறை கட்டுவோம். மூங்கில் சட்டம், மேலே சாக்கு, அதன்மேல் காகிதக்கூழ், சாம்பல் நிறப் பெயிண்ட். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ச் சஞ்சீவி மலையில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். உள்ளே ஒரு பலகை. பலகைமேல் கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபம். பலகையைத் தூக்கக் கயிறும் கப்பியும், கயிற்றைச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடி. சாமியார் வானவர் கீதத்தைத் தொடங்கியதும் மணிகள் முழங்கும், ஆண்டவர் பாறைக்குள்ளிருந்து எழும்புவார், வெளியே வேட்டு வெடிக்கும். வேட்டுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை, சிவகாசி கூப்பிடு தூரம்.

அந்தக் கைப்பிடியைச் செய்தது பரிபூரணத்தின் புருஷன் சோலைராஜ். பஞ்சு மில்லில் ஃபிட்டர். தன் காலம் உள்ளவரை அவரே உள்ளே உட்கார்ந்து சுற்றினார். ஒரு தவக்காலத்தில் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெரிய சனிக்கிழமை சாயங்காலம், இனி யார் உள்ளே போவது என்று ஆண்கள் எல்லாம் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலையும் பனை விசிறியையும் எடுத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கச் சாக்கை விலக்கி உள்ளே போய்விட்டாள். ஒல்லியான ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய இடம் அது. அன்றிலிருந்து அது அவள் இடம்.

அவளும் மில்காரிதான். நூல் நூற்கும் மிஷின்களுக்கு நடுவே வேலை பார்த்து வயதானவள். அந்த இரைச்சலில் காது மந்தமாகிப் போனது. பக்கத்தில் நின்று பேசினால் பாதிதான் விழும். ஆனால் மணிச்சத்தம் மட்டும் ஊசிபோல உள்ளே இறங்கும், ஷிஃப்ட் மணிக்கு ஓடிப் பழகிய காது அல்லவா? அதுவே கல்லறை வேலைக்கு வசதியாகவும் இருந்தது. பெரிய வியாழன் பூசையோடு கோயிலில் மணிகள் எல்லாம் மௌனமாகிவிடும், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அதன்பிறகு முதல் மணி கேட்கிறது என்றால் வானவர் கீதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளேயிருந்து ஒன்றும் தெரியாது, வாசகமும் விளங்காது. மணி கேட்டதா, சுற்று. அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில் இதற்குத்தான் ஆபத்து வந்தது. பங்குப் பேரவைச் செயலாளர் எட்வின், பேண்டேஜ் துணி நெய்யும் சின்னத் தொழிற்சாலைக்காரர், கூட்டத்தில் எழுந்து, "ஃபாதர், ஒரு மோட்டாரைப் போட்டு ரிமோட்டை என் கையில குடுத்துருங்க. பெரியம்மாவுக்கும் வயசாகுது. காது வேற கேக்கல. என்னைக்காவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்" என்றார்.

பரிபூரணத்துக்கு இது மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டது.

"ஏலே எட்வினு, ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கையில ஒன்னைத் தூக்கி வச்சிருந்த கை இது. அன்னைக்கு ஒன்னையே கீழ போடல. ஆண்டவரைப் போட்டுருவேனா?"

கூட்டம் சிரித்தது. சாமியார் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்: இந்த ஆண்டு பரிபூரணம் சுற்றட்டும். ஏதாவது பிசகினால் அடுத்த ஆண்டு மோட்டார்.

அந்தத் தவக்காலம் முழுக்க அவள் இனிப்பைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மற்றவர்கள் ஆண்டவர் சாகிற தலத்தில் கண்ணைத் துடைப்பார்கள். இவள் கடைசித் தலத்தில், அவரைக் கல்லறையில் வைக்கிற படத்துக்கு முன்னால், எல்லாரும் போன பிறகும் முழங்காலில் இருப்பாள். என்ன வேண்டினாள் என்பது ரகசியமில்லை. காது மந்தமானவர்கள் மெதுவாகச் செபிப்பதாக நினைத்துக்கொண்டு கோயில் அதிரச் செபிப்பார்கள். "ஆண்டவரே, மோட்டாருக்கு ஒம்மைத் தெரியாது. எனக்குத் தெரியும். பாத்துக்கிடும்."

பெரிய சனிக்கிழமை சாயங்காலம் பூக்காரி இருளம்மாள் பீடத்துக்குப் பூ கொண்டுவந்தாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் இந்தச் சனிக்கிழமை இரவுப் பாஸ்காப் பூசைக்கு ஓர் ஆண்டும் தவறியதில்லை. வெளியே பந்தலில் உட்கார்ந்து பார்ப்பாள், அதாவது, பார்க்காமல் இருப்பாள்.

"ஏட்டி பரிபூரணம், வருசா வருசம் வாரேன். ஒங்க சாமி எந்திரிக்கிறதை இன்ன வரைக்கும் நான் பாத்ததில்ல. முன்னால நிக்கிறவன் தலைதான் எந்திரிக்கி."

"உள்ள வந்து உக்காரேன்ட்டி."

"அந்தப் புழுக்கத்துல யாரு உக்காருவா? நீ இன்னுங் கொஞ்சம் ஒசரத் தூக்கேன்."

"அவுக செவப்புக் குறி வச்சிருக்காக. அதுக்கு மேல சுத்தப்படாது."

கைப்பிடியின் சக்கரத்தில் சோலைராஜ் ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டிருந்தார். அதுவரை சுற்றினால் ஆண்டவர் இடுப்புவரை தெரிவார். அதைத் தாண்டிச் சுற்ற அவள் துணிந்ததே இல்லை.

பூசை தொடங்கியது. புது நெருப்பு, பாஸ்காத் திரி, எல்லார் கையிலும் மெழுகுதிரி. விளக்குகள் அணைந்த கோயில். எட்வினின் மனைவி ஜாஸ்மின், டீச்சர், பைபிளிலிருந்து விடுதலைப்பயணம் வாசித்துக்கொண்டிருந்தாள். இஸ்ரயேலர் கடற்கரையில் நிற்கிறார்கள், பின்னால் பார்வோனின் தேர்கள்.

அதே நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர் முத்துப்பாண்டி கோயில் பக்கம் வந்தான். பால்கோவா கலந்த குல்பி ஐஸ் விற்கிறவன். வழக்கமாக வேறு தெருவுக்குப் போகிறவன், கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக் கோயில் சுவரோரம் நிறுத்தினான். சுவருக்கு இந்தப் பக்கம் சரியாக எங்கள் கல்லறை. இடையில் ஒரு திறந்த ஜன்னல்.

கிணிங் கிணிங் கிணிங்!

பரிபூரணம் சிலுவை போட்டுக்கொண்டு சுற்றினாள்.

மோசே கையை நீட்டியிருக்கிறார், கடல் இன்னும் பிளக்கவில்லை, அதற்குள் பாறைக்குள்ளிருந்து முதலில் கொடி, அப்புறம் முகம், அப்புறம் மார்பு என்று ஆண்டவர் எழும்பி நின்றார். ஜாஸ்மின் வாயைத் திறந்தவள் மூடவில்லை. வேட்டுக்குப் பொறுப்பான எலக்ட்ரீஷியன் ஆல்வின் வாசலில் நின்றபடி கொடியைப் பார்த்தார். தூங்கிவிட்டோம்போல என்று பதறி, இருந்த சரவெடி அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தீ வைத்தார். அந்தச் சத்தத்தில் அய்யனார் கோவில் அருவி செத்த நேரம் மேல்நோக்கிப் பாய்ந்ததாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

எட்வின் பின்பக்கச் சாக்கை விலக்கித் தலையை நுழைத்தார்.

"பெரியம்மா! என்ன செஞ்சிட்டிய! இன்னும் செங்கடலே தாண்டல!"

"மணி அடிச்சுதேலே!"

"அது குல்பி ஐஸு!"

அவளுக்கு விளங்கிவிட்டது. பிசகிவிட்டது. மோட்டார் வந்துவிட்டது.

"சரி சரி, மெதுவா எறக்குங்க. பொறவு ஏத்திக்கிடலாம்."

"எறக்க மாட்டேன்."

"பெரியம்மா..."

"எந்திரிச்சு வந்தவரை என் கையாலயே திரும்பக் குழிக்குள்ள வைக்கச் சொல்லுதியா? ஒருத்தரை வச்சதே போதும்லே எனக்கு. நாளைக்கு மோட்டாரை வச்சுக்கோ, ரிமோட்டை வச்சுக்கோ. இன்னைக்கு எறக்க மாட்டேன்."

இதுவும் அவள் மெதுவாகப் பேசியதுதான். பந்தல்வரை கேட்டது. சாமியார் சுரூபத்தைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். "நிக்கட்டும். ஒரு துணியைப் போட்டு மூடுங்க. ஜாஸ்மின், நீ வாசிம்மா" என்றார். தவக்காலத்தில் சுரூபங்களை மூடியிருந்த ஊதாத் துணி ஒன்றை எடுத்து ஆண்டவர்மேல் போர்த்தினார்கள். ஜாஸ்மின் ஒருவழியாகக் கடலைப் பிளந்தாள்.

பரிபூரணத்துக்கு இன்னொரு சோதனை இருந்தது. சக்கரம் திரும்பாமல் செருகுகிற மரக்கட்டை பதற்றத்தில் எங்கோ இருட்டில் உருண்டுவிட்டது. பிடியை விட்டால் ஆண்டவர் சரிந்து விழுவார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா வந்தார். அவர் எப்போதும் சுருக்கமாகப் பேசியவர் இல்லை. பல்லவி பாடினார்கள். எசேக்கியேல் வந்தார்.

"நான் புடிக்கேன், நகருங்க" என்றார் எட்வின்.

"நீ நுழைஞ்சா கல்லறை ஒடைஞ்சிரும்லே."

எட்வினுக்கு அது உண்மை என்று தெரியும். கொஞ்சம் தொந்தி. அவர் கையை மட்டும் உள்ளே விட்டு விசிறியை எடுத்து அவளுக்கு வீசத் தொடங்கினார். அவள் கழுத்தில் கிடந்த செபமாலையைத் தொட அவளுக்குக் கை இல்லை. அதனால் மணி எண்ணாமலே அருள்நிறை மரியே சொன்னாள். எட்வின் வெளியேயிருந்து மறுபாதியைச் சொன்னார். நோக முடிந்த இடமெல்லாம் நொந்தது, தோள், முழங்கை, முதுகு. அவள் விடவில்லை.

அப்புறம் சாமியார் வானவர் கீதத்தை எடுத்தார். விளக்குகள் எல்லாம் பளீரென்று எரிந்தன. பீடத்து மணிகள், கோபுரத்து மணி, எல்லாம் முழங்கின. ஊதாத் துணியை உருவினார்கள். ஆண்டவர் நின்றார். ஆனால் எல்லாரும் ஏற்கெனவே பார்த்த ஆண்டவர், ஏற்கெனவே பார்த்த இடத்தில். வெளியே வெடிக்க ஒரு வேட்டுகூட மிச்சமில்லை. ஜனங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

உள்ளே பரிபூரணம் மணியைக் கேட்டாள். கை தானாகச் சுற்றப் பார்த்தது. சாக்கு இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது.

"ஏங்க, ஒங்க குறிக்கு மேல போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுற்றினாள்.

கயிறு முனகியது. கப்பி கிரீச்சிட்டது. ஆண்டவர் அசைந்தார், ஏறினார். முழங்கால் தெரிந்தது, ஆணித்தழும்போடு பாதம் தெரிந்தது. பாறைக்கு மேலே முழு ஆளாக, கொடி கல்லறைக்கு மேல் கட்டியிருந்த சீரியல் பல்பு வளைவையும் தாண்டி, நின்றார். அந்தக் கோயிலில் அவர் அவ்வளவு உயரம் எழும்பியது அதுவே முதல் தடவை. பந்தலின் கடைசி வரிசைவரை தெரிந்தார்.

பந்தலில் இருளம்மாள் பூக்கூடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள் பாருங்கள்! பக்கத்திலிருந்த பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு கோயிலுக்குள் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். என்ன நடக்கிறதென்று அறியாத முத்துப்பாண்டி, எல்லாரும் மணி அடிக்கிறார்களே என்று தன் மணியையும் விடாமல் ஆட்டினான். வேட்டு வெடித்த எந்த ஆண்டிலும் இவ்வளவு சத்தம் இருந்ததில்லை. சாமியார் பாட்டை முடித்தார். ஜனங்கள் முடிக்க விடாமல் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

கீதம் அடங்கியதும் எட்வின் உருண்டுபோன கட்டையைத் தேடி எடுத்துச் சக்கரத்தில் செருகினார். பரிபூரணம் வியர்வையில் குளித்து வெளியே வந்தாள். அப்படியே போய்த் திவ்விய நற்கருணை வாங்கினாள்.

பூசை முடிந்து வாசலில் இருளம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கால் வரைக்கும் பாத்துட்டேன்! எம்புட்டு ஒசரம்!"

"ஆண்டவர் உயிர்த்தாருட்டி, அல்லேலூயா."

"அதான் பாத்தேனே, நீ வேற சொல்லணுமாக்கும்."

முத்துப்பாண்டி தயங்கித் தயங்கி ஒரு குல்பியை நீட்டினான். பிடித்துப் பிடித்து மரத்துப்போன கையால் அவளுக்கு அதைப் பிடிக்க முடியவில்லை. எட்வின் வாங்கிப் பிடித்துக்கொள்ள, தவக்காலம் முடிந்த முதல் இனிப்பை அவள் கடித்தாள்.

"மோட்டாரு எப்பம்லே வருது?"

"எந்த மோட்டாரு?" என்றார் எட்வின்.

இந்த ஆண்டும் அவள்தான் கல்லறைக்குள் போனாள். சிவப்புக் கோட்டை எட்வினே சுரண்டிவிட்டுக் கொஞ்சம் மேலே புதிதாகப் போட்டிருந்தார். முத்துப்பாண்டியைப் பேரவை முறைப்படி அழைத்திருந்தது. பெரிய வியாழனிலிருந்து அவன் மணியைத் துணியால் சுற்றிவிட்டு, எங்கள் தெருக்களில் மரக்கட்டையைத் தட்டித்தான் குல்பி விற்றான். சனிக்கிழமை இரவு ஜன்னலுக்கு வெளியே, துணியை அவிழ்த்து, மணியின் நாக்கை விரலால் பிடித்தபடி நின்றான். சாமியார் வாயைத் திறக்கும்வரை மூச்சுக்கூட விடவில்லை.

பிறகு முதல் மணி அவனுடையதுதான்.