ஓடாதவனை ஓடவைத்த இரண்டு அரசுகள்

ஞாயிறு, காலை 11 மணி. பிரஸ்ஸல்ஸில் ஏறிய ரயில், ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்து பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. டிக்கெட் ஐம்பத்தெட்டு யூரோ. நடுவில் ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டியிருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் காட்டு என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் மூன்று நாள் கருத்தரங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம் எதுவரை, உறுப்பு நாடுகளின் அதிகாரம் எதுவரை என்று வண்ணப்படம் போட்டுக் காட்டினார்கள். திருச்சியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள் நான். என்ன அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பொறாமை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டவில்லை.

நிலையத்திலிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் ஈழத் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பேல். மெட்ரோ தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. கீழே புடவைக் கடை, நகைக் கடை, மூட்டை பிரித்துக் கொட்டிய முருங்கைக்காய், கண்ணாடிகளில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிகள். சுமதி கடை வாசலிலேயே நின்றாள். திருச்சி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி, ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய். இருபது வருடமாக இந்த உணவகத்தில்தான் சமைக்கிறாள். பத்து யூரோ கொத்துரொட்டியை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"தம்பிக்கு டப்ளின் விழுந்திட்டுது, மல்லிகா."

லா ஷப்பேலில் டப்ளின் என்றால் ஊர் அல்ல, சட்டம். அகதியாக வருகிறவர் எந்த நாட்டின் விசாவில் ஐரோப்பாவுக்குள் நுழைந்தாரோ, அந்த நாடுதான் அவருடைய விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும். சுமதியின் தம்பி நிரோசனுக்கு ஏஜென்ட் எடுத்துக்கொடுத்தது போலந்து விசா. அந்த நாட்டில் அவன் பார்த்தது விமான நிலையத்தின் கழிப்பறையை மட்டும். ஆனால் பிரான்ஸ் அவனை அங்கே அனுப்பப் பார்க்கிறது. ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பிரான்ஸே அவனை ஏற்று விசாரிக்க வேண்டும். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் 'ஓடிப்போனவர்' என்று எழுதிவிடலாம். எழுதினால் ஆறு மாதம் பதினெட்டாகிவிடும்.

"முடிய மூண்டு கிழமைதான் இருந்தது," என்றாள் சுமதி. கிழமை என்றால் அவளுக்கு வாரம். "அப்பதான் அப்பாவின்ரை அந்தியேட்டி வந்தது."

அப்பா மானிப்பாயில் இறந்துபோனார். இவனுக்குப் போக வழியில்லை. ஒரே மகன். அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியையை ஐயர் இங்கேயே மார்ன் ஆற்றங்கரையில் செய்யலாம் என்றார். அந்த நாள் செவ்வாய்க்கிழமையாக இருந்தது.

"நான்தான் சொன்னனான், கிரியையை முடி, அடுத்த நாள் போய்ச் சொல்லுவம் எண்டு. செத்த வீட்டுக்குப் போனனெண்டால் எந்தக் கந்தோரிலை கேள்வி கேப்பினம்?"

எங்கள் பக்கத்து அலுவலகத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள். மொட்டைத் தலையோடு வந்து நின்றவனிடம் போய் உட்காரு என்பார்கள். இங்கே புதன்கிழமை போனவனுக்குக் கையெழுத்து வைக்கத் தாளைக்கூடத் தரவில்லை. அதற்குள் அவன் ஓடிப்போனவர் ஆகியிருந்தான். அதற்குப் பிறகும் ஒரு நாள் தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஓடிப்போனவர் வாரம் இரண்டு தரம் வந்து வரிசையில் நிற்கிறார்! இதை யாரிடம் சொல்லி அழ?

திங்கள், காலை 9 மணி. மூவரும் அலுவலகம் போனோம். எது என்று எழுதப்போவதில்லை. நிரோசனுக்கு முப்பத்தெட்டு வயது. தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் மரியாதையாகவே பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சுமதி பிரெஞ்சில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இது ஐரோப்பாச் சட்டமாம். தங்கடை கையிலை ஒண்டும் இல்லையாம்."

"கேளுடி," என்றேன். "அதே சட்டத்துல, அரசு நினைச்சா அவங்களே கேஸை எடுத்துக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு. அது யாரு கையில?"

சுமதி கேட்டாள். அந்த அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஓம், இருக்காம். எடுக்கலாமாம். எடுக்கோணும் எண்டு இல்லையாம்."

"அப்ப ஓடிப்போனவர்னு எழுதினது யாரு? பிரஸ்ஸல்ஸா?"

"இல்லையாம். இவைதானாம்."

இரங்க வேண்டிய இடத்தில் அதிகாரம் ஐரோப்பாவிடம். கழுத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சொந்தக் கை! வெளியே வந்ததும் சுமதி இன்னொன்று சொன்னாள். இவர்களுடைய வக்கீல் பிரஸ்ஸல்ஸுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். தனிநபர் விவகாரம் உறுப்பு நாட்டின் பொறுப்பு என்று பதில் வந்ததாம். வண்ணப்படத்தில் நான் பார்த்த அந்த அழகான கோடு இதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை.

நம் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? எங்கள் பகுதி ரயில்வே மேம்பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதி மத்திய அரசு, ஏறி இறங்கும் சரிவு மாநில அரசு. நடுத்துண்டு மட்டும் வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. அங்கே போய் மத்திய அரசைத் திட்டினால் மாநிலத்தைக் காட்டுவார்கள், மாநிலத்தைத் திட்டினால் தில்லியைக் காட்டுவார்கள். ஆனால் பாலம் காத்திருக்கும். மனுஷனை அப்படி அந்தரத்தில் நிறுத்தி வைக்க முடியுமா? வக்கீல் சொல்லிவிட்டார்: அடுத்த கையெழுத்துக்குப் போனால் அப்படியே பிடித்துப் போலந்து விமானத்தில் ஏற்றினாலும் ஏற்றுவார்கள். போலந்தில் கையை விரித்தால் அங்கிருந்து கொழும்பு. கொழும்பில் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. சுமதியும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

செவ்வாய், காலை 8 மணி. எனக்கு ரயில் பத்தேகாலுக்கு. நிரோசன் கையெழுத்துக்குப் போகும்போது கூடப்போவதென்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். லா ஷப்பேல் மெட்ரோ படிக்கட்டின் அடியில் நானும் சுமதியும் நின்றோம். அவன் தோளில் ஒரு பையோடு வந்தான். கையெழுத்து வைக்கப் போகிறவனுக்குப் பை எதற்கு?

"அக்கா, நான் அங்கை போகேல்லை," என்றான்.

சுமதியின் கண் அந்தப் பையிலேயே இருந்தது.

"ஒரு நாளும் ஓடாதவனை ஓடிட்டான் எண்டு எழுதினவை. இண்டைக்குத்தான் ஓடப்போறன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மல்லிகாக்கா, குறை நினையாதேங்கோ. உங்களை வீணா அலைச்சுப்போட்டன்," என்றான்.

குறையா? உன்னிடமா? சுமதி அவன் அழுவான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கழுத்துத்துணியை எடுத்து அவன் தலையில் சுற்றிக் கட்டினாள். முதுகில் கையை வைத்துப் படியில் தள்ளினாள்.

"போ. திரும்பிப் பாராமல் போ."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே வண்டி வந்து நின்று போகிற சத்தம் கேட்டது.

கார் து நோர் வரை இருவரும் நடந்தோம். இன்னும் மூன்று மணி நேரத்தில் நான் பெல்ஜியத்தில் இருப்பேன். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு விசாவில் இத்தனை நாடு என்று ஊரில் பீற்றிக்கொண்டு வந்தவள் நான். அதை நினைக்கவே வெட்கமும் கோபமுமாக வந்தது. நிலையத்தின் வாசலில் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"எங்கடி போறான்?"

"நான் கேக்கேல்லை," என்றாள் சுமதி. "கேட்டால் எனக்குத் தெரிஞ்சிடும். பொலிஸ் வந்து கேக்கேக்கை எனக்குத் தெரியாமல் இருக்கோணும்."