வெறுங்கையோடு வாங்க!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு வாசலில், கையில் ஒரு கிலோ பாதுஷாவோடு, திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

துவாக்குடி தாண்டி ஒரு கிராமம். என்னோடு முன்பு வேலை பார்த்த ரேவதியின் வீடு. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன்... குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டா போவது? நம்ம வளர்ப்பு அப்படியில்லையே!

வாசல் கதவில் ஒரு திருஷ்டிப் படம். அதற்குக் கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டு ஒன்று. டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் பக்கா. 'இந்த வீட்டுக் குழந்தைக்கு பிஸ்கட், கேக், ஸ்வீட் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வரவும்.' அடியில் இன்னும் ஏதோ பொடியாக எழுதியிருந்தது. கண்ணாடி பையில் கிடந்ததால் படிக்கவில்லை.

பாதுஷாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். மறைகிற சைஸா அது?

ரேவதி சிரித்துவிட்டுக் கதையைச் சொன்னாள். மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு. ஸ்கூலில் எடை பார்த்தவர்கள், வயதுக்கு ரொம்ப அதிகம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பத்துப் படி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். டாக்டரிடம் காட்டலாம் என்றாள் ரேவதி. வீட்டிலோ, "கொழுகொழுன்னு இருக்கா, நீயே கண்ணு வைக்காத" என்று அவளைத்தான் அதட்டினார்கள்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சின்ன வயசு. முதல் மாதம், எல்லா டாக்டரும் சொல்வதைச் சொன்னார் – பிஸ்கட்டைக் குறைங்க, ஓடி விளையாட விடுங்க. ரேவதி தலையாட்டினாள். அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. நர்ஸை வீட்டுக்கு அனுப்பினார். நர்ஸ் உட்கார்ந்திருந்தது ஒரே மணி நேரம். அதற்குள் மூன்று விருந்தாளி... மூன்று பாக்கெட்! மூன்றாவதாக வந்தவர் ரேவதியின் நாத்தனார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தினமும் கிரீம் பன்னோடு ஆஜர்.

நாத்தனாரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? நர்ஸ் போய்ச் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "நீங்க சொல்ல வேணாங்க. நான் சொன்னதா இருக்கட்டும், திட்டறவங்க என்னையே திட்டட்டும்" என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார்.

நாத்தனார் சீட்டைப் படித்தார். பன்னோடு திரும்பிப் போனவர், பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. அத்தையைக் காணோம் என்று பிள்ளை அழுகை. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ரேவதிக்குத் தோன்றியதாம். பாவம்... பிள்ளையைப் பார்ப்பதா, உறவைப் பார்ப்பதா?

கிழிக்காமல் டாக்டரிடமே எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அடியில் ஒரு வரி சேர்த்தார். 'வருகிறவர்கள் குழந்தையோடு அரை மணி நேரம் ஓடி விளையாட வேண்டும்.' நர்ஸ் அந்தச் சீட்டை நாத்தனார் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டி, "இதுக்கு உங்களை விட்டா அவளுக்கு யாருங்க இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்பல்லாம் தர்ஷினி மூச்சு வாங்கிப் பாதிப் படியில நிக்கிறதில்லக்கா" என்று சொல்லும்போதே ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அதற்குள் தர்ஷினி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். பொடி எழுத்து எனக்கும் பொருந்துமாம்! வாசலில் கோலப்பொடியால் பாண்டிக் கட்டம் தயாராக இருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்றாவது கட்டத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கோ மூச்சே வாங்கவில்லை.

என்னைக் கவலையோடு பார்த்தவள், உள்ளே திரும்பிச் சொன்னாள்:

"அம்மா, பெரியம்மா வீட்டுக்கும் ஒரு சீட்டு வாங்கணும்."

பாதுஷாவா? சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை பத்திரமாகத்தான் வந்தது!