உப்பு மூட்டைக் கழுதை ஏன் விழுந்தது?

மரக்காணம் உப்பளத்தில் கூடையில் உப்பு வாரி நிரப்புவது என் வேலை. அதைத் தலையில் சுமந்து, வரப்பு வழியே போய் மேட்டில் கொட்டுவது அமுதாவின் வேலை.

போன கோடையில் ஒரு நாள் அவள் வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். பாதி உப்பு தண்ணீரோடு போனது. அடுத்த நடையிலும் அதே இடத்தில் விழுந்தாள். எனக்குப் பள்ளியில் படித்த கழுதைக் கதை ஞாபகம் வந்தது. ஆற்றில் விழுந்தால் உப்பு கரைந்து பாரம் குறைகிறது என்று கண்டுகொண்ட கழுதை, பிறகு வேண்டுமென்றே விழுமாம். முதலாளி பஞ்சு மூட்டையை ஏற்றிப் பாடம் புகட்டுவாராம். நானும் புகட்டினேன். நீர் வடியாத ஈர உப்பாகப் பார்த்து அழுத்தி நிரப்பினேன்.

"என்னக்கா, இவ்ளோ கனக்குது?" என்றாள்.

"ஒழுங்கா நட, கனக்காது" என்றேன்.

பத்தடி போனவள் மறுபடி விழுந்தாள். இந்த முறை எழவில்லை. நிழலுக்குத் தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தாள்.

"காலையிலேர்ந்து கண்ணு கூசுதுக்கா. வரப்பு எது, தண்ணி எதுன்னே தெரியல."

"ஏன்டி சொல்லல?"

"ரெண்டு வாட்டி விழுந்தேனே. நீ கேப்பன்னு நெனச்சேன்க்கா."

இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கிவிடுகிறேன். ஆனாலும் ஒரு குழப்பம் தீரவில்லை. கழுதை வேண்டுமென்றேதான் விழுந்தது என்று யார் சொன்னது? பஞ்சை ஏற்றியவர்தானே?