ரம்யா விமானம் ஏறக் கூடாது என்று வேண்டினேன்

நம் ஞாயிறு பஜனைக் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம். நான் அதிகம் பேசுபவள் அல்ல. ஆனால் சென்ற டிசம்பரில் பிராக் நகரில் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருப்பது நன்றிகேடு.

அன்று காலை எட்டு மணிக்கு விடுதி வரவேற்பறையில் என் பாஸ்போர்ட் உறையைத் திறந்தேன். உள்ளே இருந்தது ரம்யாவின் அமெரிக்கப் பாஸ்போர்ட். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரம்யா, மில்பிடாஸில் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள். இருவரும் ஒரு செமஸ்டர் வியன்னாவில் படித்துவிட்டு, விடுமுறையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். கலிபோர்னியாவிலிருந்து புறப்படும் முன் எங்கள் அம்மாக்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் கோயிலில் வேலின் அடியில் வைத்து அர்ச்சனை செய்து, ஒரே காவித் துணியில் தைத்த உறைகளில் போட்டுக் கொடுத்தார்கள்.

"ரெண்டும் ரம்யா பையிலயே இருக்கட்டும், அவதான் உஷாரு" என்றார் அவள் அம்மா. என் அம்மாவும் தலையாட்டினார்.

என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். எந்த நாட்டுக்கும் விசா பார்த்துத்தான் போக முடியும். "இவளோட வந்தா யூரோப் ட்ரிப் இல்ல, எம்பசி ட்ரிப்" என்று புதிய நண்பர்கள் முன் சொல்லிச் சிரித்தாள் ரம்யா. மூன்று வாரம் பொறுத்தேன். பிராக்கில் "போதும் ரம்யா" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் அவர்களோடு பார்சிலோனாவுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு ஒரு மெசேஜ்: "உன் பாஸ்போர்ட்ட ரிசப்ஷன்ல குடுத்துட்டேன். இனிமே உன் ட்ராமாவ நீயே பாத்துக்கோ."

அவசரத்தில் உறையை மாற்றிக் கொடுத்திருந்தாள். அவள் போன் அணைந்திருந்தது.

அடுத்த நாள் காலை எனக்கு சான் பிரான்சிஸ்கோ விமானம். என் அமெரிக்க மாணவர் விசா அவள் கொண்டுபோன என் பாஸ்போர்ட்டில்தான் இருந்தது. தொலைந்ததாகப் புகார் கொடுத்தால் விசாவும் போய்விடும். புதிதாக வாங்க இந்தியாவில் எத்தனை மாதம் காத்திருப்பதோ! படிப்பு நின்றுவிடும். உறை மாறியதை அவள் விமான நிலையத்தில் கண்டுபிடிப்பாள் என்ற நம்பிக்கையும் இல்லை. ஐரோப்பாவுக்குள் நாங்கள் ஏறிய மூன்று விமானங்களிலும் போர்டிங் பாஸைத் தவிர எதையும் யாரும் கேட்கவில்லை.

அழுதேன். பிறகு வேண்டினேன். பொறுமை கேட்கவில்லை. "முருகா, அவள் அந்த விமானத்தில் ஏறக் கூடாது. சிரித்த அதே நண்பர்கள் பார்க்க அவளை நிறுத்து" என்றேன். சொற்களைத் தேர்ந்தே சொன்னேன். இன்றும் அவற்றில் ஒன்றையும் மாற்ற மாட்டேன்.

பதினொன்றே காலுக்கு ரம்யா டாக்சியில் தனியாக வந்து இறங்கினாள். விமானம் ஏறும் வாயிலில் நண்பர்கள் அனைவரும் உள்ளே போக, ஊழியர்கள் அவளிடம் மட்டும் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்களாம். திறந்தால் என் முகம். நண்பர்கள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

"ப்ளீஸ்டி, என்னோடத குடு."

"முதல்ல என்னோடத டேபிள் மேல வை."

வைத்தாள். விசா இருந்த பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன்.

"இப்ப ஸாரி சொல்லு. தமிழ்ல, முழுசா."

"ஓ மை காட், சீரியஸாவா?"

"ஆமா. எனக்கு நாளைக்குத்தான் ஃப்ளைட். டைம் இருக்கு."

"நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடு" என்றாள். நான் மன்னிக்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தேன்.

ஜனவரி பஜனையில் அவள் அம்மா, "எம் பொண்ணு ஃப்ளைட்டையே விட்டுட்டு ஓடி வந்து இவளக் காப்பாத்தினா" என்று சாட்சி சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். ஆன்ட்டி, அவள் ஓடி வரவில்லை. முருகன் திருப்பி அனுப்பினான்.

இப்போது என் பாஸ்போர்ட் என்னிடமே இருக்கிறது. என்னைக் கேலி செய்பவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். உங்களில் யாருக்கேனும் அநீதி நடந்திருந்தால், மன்னிக்கும் மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோபத்தோடேயே அவன் முன் போய் நில்லுங்கள். அவன் முகம் சுளிப்பதில்லை, எனக்குச் சுளிக்கவில்லை.

அடுத்த பஜனை ரம்யா வீட்டில். நான் வருவேன். முன்வரிசையில் அமர்ந்து, எல்லோரையும்விட உரக்கப் பாடுவேன்.