வெஞ்சனம் கேட்ட ஊர்

அருப்புக்கோட்டையில், திருச்சுழி சாலையில் முருகேஸ்வரி சாப்பாட்டுக் கடை திறந்த அன்று, பலகையில் ‘இத்தாலியன்’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே வந்து, தரைக்குப் போடுகிற இத்தாலியன் மார்பிள் சதுர அடி என்ன விலை என்று கேட்டார். புது வீடு கட்டிக்கொண்டிருக்கிற மனுஷன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முருகேஸ்வரி அவரையும் உட்காரவைத்து ஒரு தட்டு பாஸ்தா கொடுத்துத்தான் அனுப்பினாள். அவள் அப்படிப்பட்ட ஆள்.

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். கல்யாணமான கையோடு, கார் ஓட்டப் போன புருஷன் மருதுபாண்டியோடு மாமல்லபுரம் போனாள். அங்கே சில்வியா என்ற இத்தாலிக்காரி நடத்திய சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். கழுவப் போனவள் காய் நறுக்கினாள், மாவு பிசைந்தாள், கடைசியில் சில்வியா ஊருக்குப் போகிற மாதங்களில் கடையையே கட்டி ஆண்டாள். சில்வியா ஒரேயடியாகத் தன் நாட்டுக்குக் கிளம்பியபோது பெரிய அடுப்பை முருகேஸ்வரிக்கே கொடுத்துவிட்டாள். அதை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அருப்புக்கோட்டை நாக்கு லேசுப்பட்டதா? எந்தக் கடைப் பரோட்டாவில் எண்ணெய் மாறியிருக்கிறது என்று வாசலிலேயே மோந்து சொல்கிற ஊர். புதுக்கடை என்றதும் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். வாய்க்கு வந்ததையும் சொன்னார்கள்.

“நம்ம சேமியாவத்தான் கொஞ்சம் தடியாப் பிழிஞ்சிருக்காக” என்றார் ஒருவர். வெள்ளைச் சாஸைப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள் ஒரு பெண். பீட்சாவை ஊத்தப்பம் என்றே எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். தறி ஓட்டுகிறவர் ஒருவர் சீஸை இழுத்துப் பார்த்து, “இழை அறுகாம வருதே, தறியில பூட்டலாம்போல” என்றார்.

இதையெல்லாம் முருகேஸ்வரி சிரித்தபடி கேட்டுக்கொள்வாள். ஒரே ஒரு கேள்விக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“வெஞ்சனம் என்னம்மா இருக்கு?”

இந்தப் பக்கத்தில் சோற்றுக்கோ பரோட்டாவுக்கோ தொட்டுக்கொள்ளவும் ஊற்றிக்கொள்ளவும் வருவது எதுவானாலும் வெஞ்சனம். அது இல்லாமல் ஒரு வாய் இறங்காது. வாளியோடு ஒருவர் பின்னாலேயே வந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

“இத்தாலியில வெஞ்சனமெல்லாம் கிடையாதுண்ணே. எல்லாம் கலந்தே இருக்கு” என்பாள். கேட்டவர் தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், காய்ந்த தொண்டையோடு எழுந்து போவார். மறுபடி வர மாட்டார். எதிர்ப்பக்கப் பரோட்டாக் கடையில் உட்கார இடமிருக்காது, இங்கே மேசை மேல் ஈ உட்கார்ந்திருக்கும்.

முருகேஸ்வரி கடை இருந்த கட்டடம் சரஸ்வதியம்மாளுடையது. நாலு தலைமுறையாக வியாபாரம் பார்க்கிற குடும்பம். அவருடைய மகன் ராம்குமாருக்கு அந்த இடத்தில் செல்போன் கடை வைக்க ஆசை. சரஸ்வதியம்மாள் நேரே வந்து சொல்லிவிட்டார்.

“முருகேஸ்வரி, வெறிச்சோடிக் கிடக்கிற கடைக்கு எடம் விட்டா எங்களுக்கும் ராசியில்ல, உனக்கும் நல்லதில்ல. ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் பாக்கேன். தேறும்னு பட்டா இரு. இல்லன்னா எம் மகனுக்கு விட்டுரு, வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? அந்த அடுப்பை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இந்தக் கடை போனால் மறுபடி யாருக்கோ பாத்திரம் கழுவத்தான் போக வேண்டும். அன்று முழுக்க மருதுபாண்டியிடம் எரிந்து எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளத்துரை வந்தார். சொந்த ஊர்க்காரர், பருத்தி விலைக்குப் போட வந்தவர், அவளுக்குச் சித்தப்பா முறை. பாஸ்தாவும் பீட்சாவும் கொண்டுவந்து வைத்தாள். அவரும் வெஞ்சனம் கேட்டார். அவளும் கிடையாது என்றாள்.

“அப்படியா ஆத்தா” என்றவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முடிச்சவிழ்த்தார். எதிர்க்கடைச் சால்னா. முருகேஸ்வரி கண்ணெதிரே அதைப் பாஸ்தா மேல் கவிழ்த்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “சித்தப்பா, நீங்க செய்யிறது எனக்குப் பெரிய அவமானம்.”

“இதுல என்னத்தா அவமானம்? வறவறன்னு எப்படித் திங்கிறது? உன் சமையல்ல குத்தமே இல்ல. எனக்கு ஈரம் பத்தல, அம்புட்டுத்தான்.”

சொல்லிவிட்டுப் பீட்சாவின் தடித்த ஓரத்தைப் பிய்த்து, தட்டை வளைத்து வழித்து வாயில் போட்டுக்கொண்டார். தட்டு கழுவி வைத்தது போல் ஆயிற்று.

முருகேஸ்வரி திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதே வழிப்பு. வாடிக்கையாளர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, தட்டில் மிஞ்சிய தக்காளிச் சாஸை ரொட்டித் துண்டால் சில்வியா இப்படித்தான் வழித்துத் தின்பாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படித்தான், விருந்தாளி முன்னால்தான் செய்ய மாட்டோம் என்று கண்ணடிப்பாள். இவள் கற்றுக்கொண்டு வந்ததெல்லாம் விருந்தாளிச் சாப்பாடு. ஊர் கேட்டதோ வீட்டுச் சாப்பாடு!

“அட கூறுகெட்டவளே” என்று தன்னையே வைதுகொண்டு சிரித்தாள். வெள்ளத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சித்தப்பா, நாளைக்கும் வாங்க. சால்னா மட்டும் கொண்டு வராதீங்க.”

சந்தைக்கு ஓடி நாட்டுத் தக்காளி வாங்கிவந்தாள். பூண்டைத் தட்டிப் போட்டு, தளதளவென்று ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சாஸ் காய்ச்சினாள். ரொட்டியும் அதே அடுப்பில் சுட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதியம்மாள் மகனோடு வந்து உட்கார்ந்தபோது வெள்ளத்துரை ஒரு ஷேர் ஆட்டோ நிறைய எம்.ரெட்டியபட்டி ஆட்களோடு வந்து இறங்கினார். மருதுபாண்டி எவர்சில்வர் வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தான். வாளி நிறையச் சிவப்புச் சாஸ். ஒவ்வொரு தட்டிலும் பாஸ்தா, பக்கத்தில் சூடான ரொட்டி.

“என்னது இது?” என்றான் ராம்குமார்.

“வெஞ்சனம்ணே” என்றான் மருதுபாண்டி, ஊற்றிக்கொண்டே.

எல்லோரும் தட்டில் குனிந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு மேசையாகக் கை உயர்ந்தது. இங்கே ஊத்துப்பா, இந்தப் பக்கம் வாப்பா. எதிர்க்கடையில் இடமில்லாமல் நின்றவர்கள் வாளியைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார்கள். முருகேஸ்வரி அடுப்படி வாசலில் நின்று ஒரே ஒரு தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரஸ்வதியம்மாள் நிதானமாகச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி ரொட்டித் துண்டால் தட்டை ஓரம் விடாமல் வழித்தார். வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தார்.

“மருதுபாண்டி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து” என்றார். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, “நீ வேற எடம் பாத்துக்கப்பா” என்றார்.

ராம்குமாருக்கு வாய் நிறைய ரொட்டி. வாளிக்காரனைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினான்.

முருகேஸ்வரி அடுப்படிக்குள் போய், யாரும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். மறுவாரம் பலகையில் ‘இத்தாலியன்’ என்பதன் கீழே ஒரு வரி கூடியிருந்தது: வெஞ்சனம் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடவும். அதற்குப் பிறகு யாரும் வந்து சதுர அடி விலை கேட்கவில்லை.