பத்தொன்பது கட்டைச் சுருதி

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னே நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் பாய்லர் வேலை. சனிக்கிழமை பஜனையில் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பதும் அவர்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் சம்மட்டி பிடிக்கிறேன் என்பார். அந்தச் சம்மட்டிதான் அவர் காதை மந்தமாக்கியது. பஜனைக்காரர்களுக்குத் தெரிந்தால் பெட்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மூச்சு விடவில்லை. விரல் பழக்கத்திலேயே வாசித்துவந்தார்.

நான் நாலாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். காது மட்டும் நல்ல காது.

ஒரு தடவை பெட்டியில் ரெண்டு ரீடு ஊமையாகிப் போச்சு. ஒரு மாசத்தில் கிள்ளான் கோயிலில் பாட வேண்டும். சரிபண்ண வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரீடு என்பது பித்தளை நாக்கு. நுனியில் சுரண்டினால் ஒலி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். வேலை விட்டு வந்ததும் அவர் சுரண்டுவார், நான் துருத்தி போட்டுக் கேட்டுச் சொல்வேன்.

ரெண்டும் பேச ஆரம்பித்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏங்க, சரிகமவில சாவையும், ரெண்டு காவில தாழ்ந்த சின்னக் காவையும் சேர்த்து அமுக்கினா சத்தம் நடுங்குதுங்க."

"எல்லாப் பெட்டியும் அப்படித்தான் புள்ள."

"காவைக் கொஞ்சம் ஏத்தினா நின்னுடும்."

ஏற்றினார். உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தார். "ஆமா, நின்னுபோச்சு!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் காதில் கேட்டது அவருக்குக் கையில் கேட்டது.

"சரி, இந்தக் காவையே சாவா வச்சுக்கிட்டு, அதுக்கு ஒரு சின்னக் கா வச்சா?" என்றேன்.

வைத்தோம். அதற்கு மேல் இன்னொன்று. ரொம்ப மேலே போனால் கீழ் ஸ்தாயிக்கு இறக்கிக்கொண்டோம். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு கட்டைக்குள் அவை அடங்காமல் அடுத்த ஸ்தாயிக் கட்டைகளுக்கும் போச்சு. உடைந்த பெட்டி ஒன்றிலிருந்து ரீடுகளைக் கழற்றிப் போட்டார். பத்தொன்பதாவது தடவை ஏறினபோது, பாருங்கள், பழைய சாவிலேயே வந்து நின்றது! வரிசையாக அடுக்கினால் பத்தொன்பதும் ஒரே உயரப் படிகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று கிடையாது.

அப்புறம் சாயங்காலமெல்லாம் அதுதான் வேலை. மூன்று மூன்று கட்டையாகக் கூட்டி அமுக்கிப் பார்ப்போம். சா, சின்னக் கா, பா அமுக்கினால் பா மட்டும் லேசாகச் சோம்பலாய் அசையும், மற்ற ரெண்டும் அசையாது. சில கூட்டு எரிச்சலாக இருக்கும். சில கூட்டுக்குப் பேரே தெரியாது. "இது யாரு?" என்பார். "மாமியார் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணு" என்பேன். எனக்கு இவ்வளவு பேச்சு வருமென்று அப்போதுதான் தெரிந்தது.

கிள்ளானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பஜனைத் தலைவர் பெட்டியைப் பார்க்க வந்தார். ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. உட்கார்ந்து, பழக்கப்பட்ட பாட்டு ஒன்றை வாசித்தார். விரல் பா இருக்கும் இடத்துக்குப் போச்சு, பா அங்கே இல்லை.

"என்னப்பா இது, பட்டறைச் சங்கு மாதிரி ஊளையிடுது? உனக்குக் காது கேக்குதா இல்லியா?"

இவர் தலை குனிந்துகொண்டார். என் பேரைச் சொல்லவே இல்லை. எனக்குக் கதவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

"நான்தாங்க இப்படி வைக்கச் சொன்னேன். அவரு மேல தப்பில்லீங்க."

துருத்தி போட்டு மூன்று கட்டையை அமுக்கிக் காட்டினேன். தலைவர் தானும் அதே மூன்றை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா எங்க விரலுக்கு இந்த வழி தெரியாதே. சனிக்கிழமைக்குள்ள பழையபடி ஆகணும். இல்லாட்டி செந்தூல்ல வாசிக்கிற ஆளைத்தான் கூப்பிடணும்."

பழையபடி ஆக்கினோம். ஒவ்வொரு ரீடாக நான் கேட்டுச் சொன்னேன், அவர் சுரண்டினார். அந்த வாரம் "இது யாரு?" என்று அவர் கேட்கவே இல்லை. பேரில்லாத கூட்டெல்லாம் ஒவ்வொன்றாகப் போச்சு.

கிள்ளானில் அவர்தான் வாசித்தார். நான் பொம்பளைகள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கண்ணை மூடிப் பாடினார்கள். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார்:

"எப்படி இருந்துச்சு புள்ள?"

"நல்லா இருந்துச்சுங்க."

"பொய் சொல்லாத. நடுங்குனது எனக்கே கையில கேட்டுச்சு" என்றார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போச்சு.