காலண்டர் தாளில் மூழ்கிய தோணி

போன வருஷக் காலண்டரில் ஐப்பசி மாதத்துத் தாள் ஒன்று தப்பாக அச்சாகிவிட்டது. எந்தத் தேதி என்று சொல்ல மாட்டேன். தேதி சொல்லிப் பட்டது போதும்.

எனக்குத் தொழில் தினசரிக் காலண்டர். தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பேன். சிவகாசியில் அடித்து வாங்கி மார்கழியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மேலே சாமி படமோ மாதா படமோ, அதன் கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே தாள் கட்டு. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் பஞ்சாங்கக்காரர் பாடு. தாளின் அடியில் 'இந்த நாளில்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். அதே தேதியில் உலகத்தில் என்றைக்கோ நடந்த ஒரு காரியம். அந்த வரி மட்டும் என் பாடு.

தொழிலுக்குத் தொழில் ஒரு தலைவலி உண்டு. ஜவுளிக்காரருக்குச் சாயம். உப்புக்காரருக்கு மழை. எனக்கு அந்த ஒரு வரி. வாடிக்கைக்காரர் வாயில் விழுந்து எழுந்து பிழைக்கிறவர்கள் மட்டும் மேலே படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது புரியாது.

சித்திரை ஒன்றாந்தேதி

செல்லத்துரைக்கு மீன்பிடித் துறைமுகம் போகிற வழியில் போட் எஞ்சின் சாமான் கடை. கடை திறந்தது ஒரு சித்திரை ஒன்றில். வருஷா வருஷம் அன்றைக்குப் பூஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுப்பார். முந்தின வருஷம் அப்படிக் கூட்டம் நின்ற நேரத்தில், சர்பத் குடித்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரன் சுவரில் இருந்த தாளை உரக்க வாசித்திருக்கிறான். 'இந்த நாளில் மாபெரும் பயணிகள் கப்பல் பனிப்பாறையில் மோதியது.'

உடனே வரச்சொல்லி போன். போனேன். அது வெள்ளைக்காரன் கப்பல், நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, அட்லாண்டிக் சமுத்திரம் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கேயும் எஞ்சின் சாமான்தான். மாட்டியிருந்தது வேறு ஏஜெண்டின் காலண்டர். அதில் அன்றைக்குச் சீரகத் தண்ணீரின் நன்மை போட்டிருந்தது. செல்லத்துரை சொன்னார்: “நம்ம கடல்ல பனிப்பாற கெடையாதுன்னு ஒமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எஞ்சின் வாங்க வாரவனுக்குத் தெரியுமாவே? எதிர்க்கடைக்காரன் சொல்லித்தான எழுதுனீரு?”

நிலாவில் வைத்த கால்

உப்பளம் வைத்திருக்கும் சுடலைமணி எதையும் நம்ப மாட்டார். நாளைக்கு மழை என்று டிவியில் சொன்னால், யார் சொல்லச் சொன்னது என்று கேட்கிற ஆள். அவர் ஆபீசில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று என்னுடையது. இன்னொன்று என்னைச் சரிபார்க்க. மனிதன் நிலாவில் கால் வைத்தது என்னுடையதில் ஜூலை இருபத்தொன்று. மற்றதில் இருபது.

அமெரிக்காவில் அது இருபதாம் தேதி ராத்திரி, அதே நேரம் நமக்கு இருபத்தொன்று விடிந்துவிட்டது என்றேன். நிற்கிற இடத்தைப் பொறுத்துத் தேதி மாறும் என்றேன். கொட்டிக் கிடந்த உப்பில் விரலால் பூமியை வரைந்துகூடக் காட்டினேன். சுடலைமணி பொறுமையாகக் கேட்டார். இரண்டு தாளையும் கிழித்து அருகருகே வைத்து ஒரு தடவை பார்த்தார். வரைந்த பூமியைக் காலால் கலைத்தார். “ஒத்தக் காலு ரெண்டு நாள்ல எப்பிடிவே எறங்கும்? அவன் போகவே இல்ல. ஒமக்கும் அதுல பங்கு உண்டுன்னு இப்பத்தான் தெரியுது.”

கோமஸ் வீட்டு முத்து

கோமஸுக்கு மீன்பிடிக்க இரண்டு வள்ளம் உண்டு. அதைவிடப் பெரிய சொத்து அவருடைய பாட்டனார். முத்துக்குளிப்புக் காலத்தில் பாட்டனார் ஒரே மூச்சில் இறங்கி ஒரு முத்து எடுத்தாராம், அதை 'இந்த நாளில்' போட்டே ஆக வேண்டும் என்பார். முதல் வருஷம் கேட்டபோது முத்து பட்டாணி அளவு. மறுவருஷம் சுண்டைக்காய். மூன்றாம் வருஷம் புறா முட்டை. பாட்டனார் போய்ச் சேர்ந்துவிட்டார், முத்து மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

முத்து எங்கே என்றேன். விற்றாயிற்று. யாருக்கு? ஒரு கொழும்புக்காரருக்கு. தேதி எப்படித் தெரியும்? வீட்டில் சொல்லுவார்கள். பார்த்த ஆள் உயிரோடு உண்டா? இல்லை. யாராவது கண்ணால் பார்த்த காரியத்தைத்தான் நான் போடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கோமஸ் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்: “கண்ணால பாத்ததத்தான் போடுவீராக்கும்? அப்ப அந்தக் கப்பல் பனிப்பாறையில மோதும்போது நீரு மேல்தட்டுல நின்னீரோ?”

மச்சாது கொடுத்த வரி

கோமஸ் வீட்டிலிருந்து இறங்கிக் கடைக்குத் திரும்பினேன். அந்தச் சமயத்தில்தான் மச்சாது கூப்பிட்டு அனுப்பினார். அப்பா காலத்தில் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய வீடு. இப்போது துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி. வெள்ளைக்காரன் கப்பல் எதற்கு, நம்ம ஊர்க் காரியத்தைப் போடும் என்று சொல்லி, வரியும் தேதியும் அவரே தந்தார். அவர் அப்பாவின் தோணி ஒன்று பல வருஷத்துக்கு முன்னால் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போனது. போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. 'இந்த நாளில், கொழும்பு சென்ற நம் ஊர்த் தோணி மூழ்கி, அதில் இருந்த அனைவரும் இறந்தனர்.' தோணி வீட்டுக்காரரே சொல்லும்போது நான் என்ன சாட்சி கேட்பது? போட்டேன்.

அந்தக் காலண்டர் ஒன்று மாதா கோயிலில், சாமியார் பூசை உடுப்பு மாட்டுகிற அறையில் தொங்கியது. ஐப்பசியில் ஒரு காலை, கோயிலில் செபம் சொல்லி வைக்கிற உபதேசியார் முந்தின நாள் தாளைக் கிழித்திருக்கிறார். அடுத்த தாளில் இந்த வரி. நல்ல மனுஷர், சும்மா இருந்திருக்கலாம். அன்றைய பூசையில், காலண்டரில் கண்டதாக அறிவித்து, தோணியில் போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று வாசித்துவிட்டார். அதில் ஒரு பெயர் சலேத்தம்மாளின் புருஷனுடையது.

சலேத்தம்மாளுக்குக் கலியாணமாகி மறுவருஷம் போன தோணி அது. அவள் தாலியைக் கழற்றவில்லை. தோணி புறப்பட்ட நாளில் வருஷா வருஷம் புருஷன் பேரில் பூசை கொடுப்பாள். 'கடலில் இருப்பவருக்காக' என்று வாசிக்கச் சொல்வாள். செத்தவர்களுக்குச் சொல்கிற இளைப்பாற்றி என்ற சொல்லை அவன் பேருக்குப் பக்கத்தில் வர விட்டதே இல்லை. எத்தனையோ சாமியார்கள் மாறியும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அன்றைக்கு அவளும் கோயிலில் இருந்தாள். பாதிப் பூசையில் எழுந்தாள், அந்த அறைக்குப் போனாள், தாளைக் கிழித்தாள், நேரே என் கடைக்கு வந்தாள். தாளை மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க என் கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். “எங்க வீட்டுக்காரரு செத்த நாளு எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப ஒடம்பு எங்க கெடக்குன்னும் தெரியுமே, சொல்லுங்க அண்ணாச்சி.”

மச்சாதுவின் தேதி

இந்த வருஷக் காலண்டரும் அப்போது சிவகாசியில் அச்சுக்கு நின்றது. மச்சாதுவின் ஆர்டரில் அதே வரி, அதே தேதி. விட்டால் அடுத்த ஐப்பசியிலும் அவள் புருஷன் சாவான். வருஷா வருஷம் சாவான். சலேத்தம்மாளைக் கடையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மச்சாதுவிடம் போனேன்.

அவருக்கு அவள் மேல் சந்தேகம். இத்தனை வருஷம் கழித்து எதற்கு வருகிறாள், பின்னால் எந்த வக்கீல் இருக்கிறான் என்று கேட்டார். எனக்கு அவர் மேல் சந்தேகம். தோணி மூழ்கியதைப் பார்த்தது யார் என்றேன். யாரும் இல்லை. பலகை கிலகை கரை ஒதுங்கியதா? இல்லை. பின்னே தேதி எங்கிருந்து வந்தது? ஏசியைக் கூட்டச் சொன்னார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. காணாமல் போன தோணியைத் தேட அவர் அப்பா வேறு தோணிகளை அனுப்பியிருந்தார். அவை மன்னார் வரைக்கும் போய்ச் சும்மா திரும்பின. ஒரு நாள், இனிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மச்சாது குரலைத் தணித்துக்கொண்டார். “அப்பா தேடுறத நிறுத்துன நாளுவே அது. நிறுத்துன நாளுன்னாலும் முங்குன நாளுன்னாலும் ஒண்ணுதான. ஊருக்கு ஒரு தேதி வேணும்லா?”

ஸ்பீக்கரில் போடுங்க

திரும்பி வந்து, வரியை எடுத்துவிடுகிறேன் தாயே, வீட்டுக்குப் போ என்றேன். சலேத்தம்மாள் அசையவில்லை. “எடுத்தியளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வார ஐப்பசி வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கவா? அச்சாபீசுக்குப் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.” போட்டேன். மணி அடிக்கும்போதே வாசலில் கார் நின்றது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க மச்சாதுவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

“எங்க தோணி. எங்க காலண்டர். வரி இருக்கணும், தேதியும் மாறக்கூடாது” என்றார் மச்சாது. போனில் அச்சாபீஸ்காரர் கத்தினார்: “அண்ணாச்சி, மெஷின்ல ஏத்தப்போறோம். வரி உண்டா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் சலேத்தம்மாள் போன் பக்கம் குனிந்தாள். “தேதி இருக்கட்டும் தம்பி. வரிய மட்டும் மாத்துங்க. எழுதிக்கிடுங்க. இந்த நாளில் மச்சாது வீட்டார் தங்கள் தோணியைத் தேடுவதை நிறுத்தினார்கள். அதுக்கு மேல அவுக கம்பெனி பேரு கொட்ட எழுத்துல இருக்கும்லா, அது அப்பிடியே இருக்கட்டும்.”

மச்சாது என்னைப் பார்த்தார், நீதான் சொன்னாயா என்கிற பார்வை. நான்தான் சொன்னேன், கடைக்குத் திரும்பியதுமே. ஊர்ச் சுவரிலெல்லாம் அந்த வரி தொங்குவதை மனசுக்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, கைக்குட்டையை எடுத்தார். “அது வேண்டாம்மா. வேற எது வேணும்னாலும் போடச் சொல்லு” என்றார். போனில் அச்சாபீஸ்காரர் அலோ அலோ என்றார். சலேத்தம்மாள் யோசிக்கவே இல்லை. தேதியைச் சொன்னாள், அவள் பூசை கொடுக்கிற தேதி. “தோணி பொறப்பட்டத நான் தொறமுகத்துல நின்னு பாத்தேன். இவுக அப்பாவும் பக்கத்துல நின்னு பாத்தாவ. பாத்தத எழுதுங்க. பாக்காதத எழுதாதிய.”

சீரகத் தண்ணீர்

இந்த ஐப்பசித் தொடக்கத்தில் அவள் சொன்ன தேதியின் தாள் வந்தது. 'இந்த நாளில் நம் ஊர்த் தோணி ஒன்று கொழும்புக்குப் பாய் விரித்தது.' உபதேசியார் பூசையில் 'கடலில் இருப்பவர்களுக்காக' என்று தோணியில் போனவர்கள் எல்லாருடைய பெயரையும் வாசித்தார். சலேத்தம்மாள் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நானும் பின்வரிசையில் நின்றேன், சரியாக வாசிக்கிறாரா என்று பார்க்க. மச்சாது கொடுத்த பழைய தேதியில் இப்போது சீரகத் தண்ணீரின் நன்மை இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

போன வாரம் அவள் அடுத்த வருஷத் தாளைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தாள். நம்பி விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த நேரம் செல்லத்துரையும் இருந்தார், தன் சித்திரை ஒன்றில் என்ன போட்டிருக்கிறேன் என்று பார்க்க வந்தவர். அவர் அவளுடைய தாளையும் வாங்கி வாசித்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. “பொறப்பட்டதுன்னு போட்டிருக்கு. வந்து சேந்ததுன்னு எந்தத் தாள்லயும் காணமே. எதையோ மறைக்கீரு” என்றார். சலேத்தம்மாள் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, மடிப்பை நீவி, என் மேஜையில் வைத்தாள். “வந்தா நானே வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் அண்ணாச்சி அத எழுத மாட்டாவ.”

எந்த நாளில் என்ன நடந்தது என்று ஊருக்கே சொல்லிப் பிழைக்கிற தொழிலில், நடந்ததை நீ பார்த்தாயா என்று கேட்கக் கோமஸ் இருந்தார், நடக்கவே இல்லை என்று சொல்லச் சுடலைமணி இருந்தார், தப்பான ஒரே ஒரு தாளைத் திருத்தி வைத்தவள் சலேத்தம்மாள்.